மூன்று ஓலைக்கு ஒரு பேராயர்

திருமண்டல அலுவலகத்தின் முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட வேண்டும் என்று ஆள் வந்தபோது பூட்டுக்காரர் ஆச்சரியப்படவில்லை. மழை வந்தால் குடைக்காரனுக்குப் பிழைப்பு. ஆங்கிலிக்கன் திருமண்டலத்தில் ஆட்சி மாறினால் பூட்டுக்காரருக்குப் பிழைப்பு. கோலும் மோதிரமும் அங்கியும்தான் பேராயரின் அடையாளம் என்று ஆராதனைப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் அலுவலகச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவரே பேராயர். ஆகவே புதிதாக வருகிறவர்கள் பதவியேற்பு ஆராதனைக்கு முன்பே, சில வேளை ஜெபத்துக்கும் முன்பே, பூட்டை மாற்றிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் திருமண்டலத்துக்கு இரண்டு பேராயர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெறும் வயது கடந்தும் நாற்காலியைவிட்டு எழாதவர். ஊர் அவரை நாற்காலியார் என்றது. மற்றவர் தேர்தலில் ஜெயித்ததாகச் சொல்லி, நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கி வந்தவர், அவர் தடையுத்தரவார். இருவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள் உண்டு. அவற்றை அவரவர் வீட்டாரும் வக்கீல்களும் மட்டுமே பயன்படுத்தினார்கள்.

அன்று உள்ளே நுழைந்திருந்தது தடையுத்தரவார் தரப்பு. பூட்டுக்காரர் கதவருகே சாக்கை விரித்து உட்கார்ந்து பழைய பூட்டைக் கழற்றினார். பக்கத்தில் செயலர் நின்றிருந்தார். அவர் நாற்காலியாருக்கும் செயலர், தடையுத்தரவாருக்கும் செயலர். ஆட்சி மாறும்போது சுவர்க் கடிகாரத்தையும் செயலரையும் சேர்த்தே கைமாற்றிக்கொள்வது வழக்கம்.

“இது எவ்வளவு நாள் தாங்கும்ப்பா?”

“பித்தளை உள்பாகம் ஐயா. உங்க பேரப்பிள்ளை காலம்வரைக்கும் வரும்.”

“அவ்வளவெல்லாம் வேண்டாம். அடுத்த வாய்தா வரைக்கும் வந்தா போதும்.”

பூட்டுக்காரர் அதற்கேற்ற மலிவுப் பூட்டொன்றை எடுத்துப் பொருத்தினார். தன் திருப்புளியாலேயே தன் மகளின் கல்யாணத்தைக் கழற்றிவிட்டோம் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குத் தெரியவந்தது.

அவருடைய ஒரே மகள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். விடுப்பில் வந்திருந்தான். விடுப்பு முடிந்து கப்பலேறினால் திரும்பிக் கரையைப் பார்க்க ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் கோயிலில் கல்யாணம் நடந்தாக வேண்டும். கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் என்று அறிவித்து, தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பதற்குப் பெயர்தான் ஓலை. முதல் ஓலை போன வாரம் நாற்காலியார் ஆட்சியில் நல்லபடியாக வாசிக்கப்பட்டிருந்தது.

இந்த வாரம் கோயிலின் ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “முதலாம் ஓலை” என்று ஆரம்பித்தார்.

பூட்டுக்காரரின் மனைவி முழங்கையால் இடித்தாள். “ஏங்க, போன வாரமும் முதலாம் ஓலைதானே?”

“தூக்கக் கலக்கத்துல வாசிச்சிருப்பாரு.”

“அவரா? காணிக்கை எடுக்கும்போது மட்டும் எப்படி முழிச்சிருக்காரு?”

ஆராதனை முடிந்ததும் ஆயரைக் கேட்டார்கள். ஆயர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருடைய இடமாற்ற உத்தரவு இரண்டு பேராயர்களின் மேசையிலும் ஒவ்வொரு பிரதியாகத் தயாராக இருந்தது. அதனால் அவர் நல்லவராக இருப்பதைத் தற்காலிகமாக ஒத்திவைத்திருந்தார்.

“ஓலை பேராயரோட அதிகாரத்துல வாசிக்கிறது. பேராயர் மாறிட்டா பழைய ஓலை செல்லாது. ரயில் மாறினா வேற டிக்கெட் எடுக்கறதில்லையா?”

“நாங்க இறங்கவே இல்லையே ஐயா. ரயில்தானே மாறுச்சு.”

“எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குப்பா” என்றார் ஆயர். அவர் சொன்ன பதில்களிலேயே இறையியல் கலப்பில்லாதது அதுதான்.

சம்பந்தியம்மா கோயில் வாசலில் காத்திருந்தாள். மகன் கல்யாணத்துக்குக் கோயில் மணி அடிக்க வேண்டும், பாடகர் குழு பாட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவள் அவள். “எங்க பக்கமெல்லாம் கல்யாணம் நடக்கும். உங்க பக்கம் கல்யாண அறிவிப்பே நடந்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

மறுவாரம் இரண்டாம் ஓலைக்கு முன் தடையுத்தரவுக்கே தடை வந்தது. நாற்காலியார் திரும்பி வந்தார். பூட்டை மாற்ற மறுபடி ஆள் வந்தது.

“என் மக ஓலை மூணும் முடியட்டும், அப்புறம் மாத்தித் தரேன்” என்றார் பூட்டுக்காரர்.

வந்தவர்கள் அவரோடு வாதாடவில்லை. சுத்தியலால் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த ஞாயிறும் முதலாம் ஓலைதான். பாடகர் குழுவில் இருந்த சிறுமிகளுக்குக்கூட மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் மனப்பாடமாகிவிட்டது.

பூட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு திருமண்டல அலுவலகத்துக்குப் போனார். கதவை வெளியிலிருந்தே பார்த்துப் பழகியவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. சுவர் நெடுகப் பேராயர்களின் படங்கள். முதல் படத்தில் இருந்தவர் மெலிந்து, கன்னம் ஒட்டி, இரவல் அங்கி போட்டவர்போல் இருந்தார். படம் படமாகப் பேராயர்கள் பருத்துக்கொண்டே வந்தார்கள். கடைசிப் படங்களில் சட்டத்துக்குள் அடங்காமல் தோள்கள் வெட்டுப்பட்டிருந்தன. நடுவில் ஓரிடத்தில் படம் இல்லை. சுண்ணாம்பு வெளுத்த சதுரமும் ஓர் ஆணியும் மட்டும் இருந்தன.

செயலர் வந்தார். கையில் அச்சுக்குப் போகவிருந்த திருமண்டல வரலாறு. ஆட்சி மாறும்போதெல்லாம் அது திருத்திய பதிப்பாக வெளிவரும்.

“என்னப்பா, படம் பார்க்கிறியா? பாரு, பாரு. நம்ம வரலாறு லேசுப்பட்டதில்லை. முதல் பேராயர் கடல்தாண்டி வந்தவர். ஒரு பெட்டி, ஒரு குதிரை. பள்ளிக்கூடம் கட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார், காய்ச்சல்ல செத்துப்போனார். நிர்வாகத் திறமை போதாது. ரெண்டாமவர் காலத்துல நிலம் வாங்கினோம். மூணாமவர் காலத்துல நிலத்துக்கு வேலி போட்டோம். நாலாமவர் காலத்துல வேலிக்கு வழக்கு போட்டோம். அதுக்கப்புறம் வந்தவங்கதான் திருமண்டலத்தை இன்னிக்கு இருக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்தாங்க.”

“அந்தக் காலி இடத்துல யாரு ஐயா?”

“அவரா? அவர் இருந்தாரு. ஆனா அவர் இருந்ததா திருமண்டல மாமன்றம் கூடித் தீர்மானம் போடலை.”

பூட்டுக்காரர் இதைப் புரிந்துகொள்ள முயன்று, முடியாமல், வந்த காரியத்தைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு விடுப்பு கரைகிறது. மூன்று வாரம், ஒரே பேராயர், அவ்வளவுதான் கேட்கிறார். யாராக இருந்தாலும் சரி.

செயலர் அனுதாபத்தோடு தலையாட்டினார். “இதுக்குச் சட்டத்துல வழி இருக்குப்பா. அவசரக் கல்யாணத்துக்கு ஓலையே இல்லாம சிறப்பு அனுமதி தரலாம். பேராயர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“போட்டுத் தரச் சொல்லுங்க ஐயா.”

“எந்தப் பேராயர்னு நீதிமன்றம் சொல்லட்டும், உடனே போட்டுடலாம். நாங்க யாரும் தாமதம் பண்ற ஆளுங்க இல்லை.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு ஆயர்கள் இருந்தார்கள். நம் ஆயர் நாற்காலியார் சார்பில் பீடத்துக்கு வலப்பக்கம். தடையுத்தரவார் அனுப்பிய ஆயர், நீதிமன்றத் தாளைக் கையில் பிடித்தபடி, இடப்பக்கம். இருவரும் ஒரே நேரத்தில் “பிதா” என்றார்கள், ஒரே நேரத்தில் “குமாரன்” என்றார்கள். பரிசுத்த ஆவி வரைக்கும் ஒற்றுமை நீடித்தது. ஓலைக்கு வந்ததும் ஒருவர் “இரண்டாம் ஓலை” என்றார், மற்றவர் “முதலாம் ஓலை” என்றார். ஒருவர் குரலை உயர்த்த, மற்றவர் ஒலிபெருக்கியைப் பிடுங்க, பாடகர் குழு தலைவர் பயந்துபோய், சாவுக்குப் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

“இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை எவருக்கேனும் தெரிந்தால் தெரிவிக்கக்கடவர்” என்று இரண்டு ஆயர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து முடித்தார்கள்.

வலப்பக்கம் ஒரு கமிட்டி உறுப்பினர் எழுந்தார். “எனக்குத் தடை இருக்கு.”

பூட்டுக்காரரின் மகள் தலைமுக்காட்டைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் ஞானஸ்நானத்தில் அவளுக்காகப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன்.

“என் மகளைப் பத்தியா சொல்றீங்க?” என்றார் பூட்டுக்காரர்.

“சேச்சே, பொண்ணு தங்கம். பையனும் தங்கம். அந்தப் பக்கம் வாசிச்ச ஓலைமேலதான் எனக்குத் தடை.”

“அப்படின்னா இந்தப் பக்கம் வாசிச்சதுமேல எனக்குத் தடை” என்று இடப்பக்கத்தில் ஒருவர் எழுந்தார். அதன்பின் வரிசை வரிசையாக எழுந்தார்கள். கல்யாணத்துக்கு விரோதமாக ஒருவரும் இல்லை. ஆனால் தடை சொல்லாதவரும் ஒருவரும் இல்லை. மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று யார் முதுகிலோ வளைந்தது. போலீஸ் வந்து ஆசீர்வாதம் கூறாமலே ஆராதனையை முடித்துவைத்தது.

தடை வந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, அது கூடச் சில வாரம் ஆனது. இரண்டு தரப்புக்கும் செயலராக இருந்தவர் என்பதால் நடுநிலையாளர் என்ற முறையில் செயலரே அதற்குத் தலைவரானார். நீண்ட மேசை, பிஸ்கட் தட்டு, அதற்குப் பின்னால் குழு. எதிரே பெஞ்சில் இரண்டு வீட்டாரும்.

“உமக்குத் திடப்படுத்தல் கொடுத்த பேராயர் யார்?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். தலையில் கைவைத்துச் சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு அது. அது ஆகாதவருக்குக் கோயிலில் கல்யாணம் இல்லை.

“பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஆச்சு சார். கண்ணை மூடச் சொன்னாங்க, மூடிட்டேன். தலைமேல ஒரு கை இருந்துச்சு. கனமான கை.”

குழு வருஷத்தைக் கணக்குப் பார்த்தது. கை, காலிச் சதுரத்துக்காரருடையது.

“அப்படி ஒரு பேராயரே இல்லைன்னு இருக்கும்போது, அவர் கையும் இருந்திருக்க முடியாது. ஆக, இவருக்குத் திடப்படுத்தல் ஆகலை” என்று செயலர் சொன்னார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பெண் வீட்டார் பக்கம் திரும்பினார். “உங்க கல்யாணத்தை நடத்தி வச்ச ஆயர் யாரு?”

பூட்டுக்காரர் சொன்னார். பழைய ஆயர், சாந்தமானவர், கல்யாணத்தன்று மோதிரம் கீழே விழுந்தபோது அவரே குனிந்து தேடியவர்.

குழு தலைகளைச் சேர்த்துக்கொண்டு பேசியது. அந்த ஆயருக்குக் குருப்பட்டம் கொடுத்ததும் காலிச் சதுரத்துக்காரர்தான்.

“வருத்தமான விஷயம்தான். ஆனா உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். உங்களுக்குக் கல்யாணமே ஆகலை.”

பூட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி செயலரைப் பார்த்தாள்.

“அப்ப இத்தனை வருஷமா நான் யாரோ ஒரு ஆம்பளைக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேனா?”

“அந்த விஷயத்துல குழு கருத்துச் சொல்லாதும்மா.”

“சரி ஐயா. உங்க ரெண்டு பேராயரும் ஒரு காலத்துல சாதாரண ஆயராத்தானே இருந்தாங்க? அவங்களுக்குப் பட்டம் கொடுத்தது யாரு?” என்று அவளே கேட்டாள்.

குழுவில் எல்லோரும் ஒரே சமயத்தில் தேநீர் குடித்தார்கள். கோப்பையைக் கீழே வைத்ததும் செயலர் சொன்னார்: “அது இறையியல்.”

இரண்டு வீட்டாரும் பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அலமாரிக் கதவில் கல்யாண உடுப்பு உறையோடு தொங்கியது. கப்பல் கிளம்பச் சொற்ப நாளே மிச்சம். பூட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, எனக்குக் கல்யாணம் வேணும். தீர்மானம் வேண்டாம்” என்றாள் மகள். “கோயில்ல அந்த ரெண்டு ஆயரும் மைக்கைப் பிடிச்சு இழுத்தாங்கல்ல, அதுக்கு மறுநாளே பதிவு அலுவலகத்துல அறிவிப்புக் கொடுத்துட்டோம். அதோட கெடு இந்த வாரம் முடியுது.”

பூட்டுக்காரர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். மணியும் பாட்டும் கேட்டவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று அவருக்குப் பயம்.

“என்னை ஏன் பார்க்கிறீங்க? எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு இன்னும் விசாரிக்கலை. அதுக்குள்ள இவங்களுக்கு முடிச்சிடுவோம்” என்றாள் அவள்.

பதிவு அலுவலகத்தில் அறிவிப்பை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதை மழையும் ஓர் ஆடும் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தடை சொல்ல ஒருவரும் வரவில்லை. அதிகாரி ஒரு கால் ஆடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, “சாட்சி யாரு?” என்றார்.

பூட்டுக்காரர் முன்னால் வந்து கைகூப்பினார். “ஐயா, நாங்க எந்தப் பேராயர் பக்கமும் இல்லை.”

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் அதிகாரி அவரைப் பார்த்தார். “இங்க கையெழுத்துப் போடுங்க.”

ஒரு சாவிக்குப் பல் வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. மகள் மனைவியாகிவிட்டாள். சம்பந்தியம்மா அழுதாள்; பூட்டுக்காரரின் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரி, அழுவதானால் வராந்தாவில் அழலாம் என்றார். அந்த வாரமே மாப்பிள்ளை கப்பலேறினான். மகள் துறைமுக ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செய்தி திருமண்டலத்தை எட்டியது. நீதிமன்றமும் மூத்தோரும் வெளிநாட்டுச் சமாதானக் குழுவும் சாதிக்க முடியாததை அந்தச் செய்தி சாதித்தது. நாற்காலியாரும் தடையுத்தரவாரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். பூட்டுக்காரருக்கும் மனைவிக்கும் ஆள் போனது.

“எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்” என்றார் நாற்காலியார். “அது மந்தைக்குத் தெரிஞ்சதுதான். ஆனா எங்களைக் கேக்காம ஒருத்தன் சந்தோஷமா இருக்கறதை ரெண்டு பேரும் அனுமதிக்க முடியாது.”

“இது கொள்கைப் பிரச்சினை” என்றார் தடையுத்தரவார். “இன்னிக்கு இவன் பேராயர் இல்லாம கல்யாணம் பண்ணி வைக்கிறான். நாளைக்கு ஜனங்க பேராயர் இல்லாம ஜெபமே பண்ணுவாங்க. அப்புறம் நாங்க எதுக்காக வழக்காடறது?”

தண்டனை, சபை நீக்கம். நீக்கப்பட்டவருக்குத் திருமண்டலக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பூட்டுக்காரரின் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். நடுவில் தனக்கென்று ஓர் இடத்தை அவர் வருஷாவருஷம் களை பிடுங்கி வைத்திருந்தார்.

“வேற வழி இல்லையா ஐயா?”

இருந்தது. பேராயர்கள் ஒன்றாகிவிட்டதைக் கொண்டாட ஐக்கிய விழா ஏற்பாடாகியிருந்தது. பந்தல், வாத்தியக் குழு, புகைப்படக்காரர் எல்லாம் தயார். இரண்டு பேராயர்களும் சேர்ந்து நடத்திவைக்க ஒரு கல்யாணம் மட்டும்தான் வேண்டும். வரலாற்றின் புதிய பதிப்பில் அட்டைப் படமே அதுதான். மகள் ஊரில் இல்லை. ஆனால் கல்யாணம் ஆகாத ஒரு ஜோடி எதிரிலேயே நிற்கிறதே என்று செயலர் நினைவூட்டினார்.

பூட்டுக்காரர் கல்லறைத் தோட்டத்தை நினைத்துத் தலையாட்டினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து என்று அவருக்குத் தெரியும். திருமண்டலத்துக்குத் தெரியாது.

ஐக்கிய ஞாயிறன்று பீடத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று அரை விரல் உயரம் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்து, தச்சனை அழைத்து, ஆராதனைக்கு முன்பே கால்களை அறுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். இரண்டு பேராயர்களும் ஒரே கணத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று ஓலையையும் அன்றே வாசித்து முடிக்க இருவரும் சேர்ந்து அனுமதி கொடுத்திருந்தார்கள். நம் ஆயர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “முதலாம் ஓலை” என்றார். பூட்டுக்காரர் பெயரும் அவருடைய மனைவியின் பெயரும் வாசிக்கப்பட்டன. பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

“நியாயமான தடை எவருக்கேனும் தெரிந்தால் தெரிவிக்கக்கடவர்.”

“எனக்குத் தெரியும்” என்று மனைவி எழுந்தாள்.

ஆயர் தவித்தார். “நீங்க மணமகளாச்சேம்மா.”

“அதனாலதான் சொல்றேன்.”

“மாப்பிள்ளைமேல ஏதாவது குறையா?”

“அவர்மேல குறை நிறைய இருக்கு. அதை நான் வீட்ல பேசிக்குவேன், உங்க மைக்குல எதுக்கு? அவருக்கும் எனக்கும் கல்யாணம் ஆச்சுன்னு எங்க தெருவுக்கே தெரியும். இவங்க ரெண்டு பேருல யார் பேராயர்னு இவங்களுக்கே தெரியாது. தெரியாதவங்க வந்து தெரிஞ்சவங்களுக்கு என்ன கட்டி வைக்கிறது? என் தடை இவங்க மேல. எழுதிக்குங்க.”

தடை முறைப்படி சொல்லப்பட்டுவிட்டது. முறைப்படி அதைப் பதிவுசெய்ய வேண்டும். தடையைப் பெறும் அதிகாரம் பேராயருக்கு மட்டுமே உரியது. இரண்டு பேராயர்களும் கையை நீட்டினார்கள்.

“நான் மூத்தவன்” என்றார் நாற்காலியார்.

“நான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்” என்றார் தடையுத்தரவார்.

சமப்படுத்திய நாற்காலிகளில் ஒன்று முதலில் சாய்ந்தது. எது என்பதைப் பற்றி இன்றுவரை இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. மனைவி கணவரின் கையைப் பிடித்து எழுப்பி, நடுவழியாக வெளியே கூட்டிவந்தாள். பந்தலில் காத்திருந்த வாத்தியக்காரர்கள் கைகோத்து வரும் ஜோடியைக் கண்டதும் எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். புகைப்படக்காரர் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

தெருமுனையில் பூட்டுக்காரர் நின்று கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “கல்லறைத் தோட்டம் போச்சே.”

“போனா போகட்டும். அந்த ரெண்டு பேரும் கடைசியில அங்கதான் வந்து படுப்பாங்க. மண்ணுக்குள்ளேயும் இவங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் கிடக்கணுமா? நடங்க.”